லாகின் பண்ணினதும் கேட்ட பேஜுக்குப் போகாம வேற எங்கயோ போகுதா? அறிகுறிய வச்சே பிடிக்கலாம்

யூசர் மெயில்ல வந்த லிங்க்கை அமுக்குறார், ஆர்டர் நம்பர் 482ஓட பேஜ் அது. லாகின் கேக்குது, பாஸ்வேர்டு போடுறார், உள்ள போனா டாஷ்போர்டு நிக்குது. 482 எங்கன்னு மெனுவுல தேடணும், இல்லன்னா மெயிலுக்குத் திரும்பிப் போய் அதே லிங்க்கை மறுபடி அமுக்கணும். பல டீம்ல இத "அப்புறம் பாத்துக்கலாம்" லிஸ்ட்ல போட்டு வச்சிருப்பாங்க, ஆனா யூசர் தனக்கு என்ன வேணும்னு தெளிவா சொல்லிட்டுத்தான் உள்ள வந்தார், நம்ம ஆப்தான் அத மறந்துடுச்சு, அதனால இத ஒரு முழு பக்-ஆதான் எடுத்துக்கணும்.

கோட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு புரிஞ்சிக்கங்க. இந்த வேலை மூணு கட்டமா நடக்குது. லாகின் இல்லாம வந்தவரத் திருப்பி அனுப்பும்போது அவர் கேட்ட அட்ரஸ எழுதி வைக்கிறது முதல் கட்டம். லாகின் முடியிற வரைக்கும் அத தொலைக்காம கொண்டு போறது ரெண்டாவது. லாகின் ஆனதும் அத எடுத்து, சரியான அட்ரஸ்தானான்னு பாத்து, அங்க அனுப்புறது மூணாவது. எந்தக் கட்டத்துல தொலையுதுன்னு தெரியாம செட்டிங்ஸ மாத்திக்கிட்டே இருந்தா ஒரு நாள் முழுக்கப் போயிடும்.

கண்டுபிடிக்கிற வழி ரொம்ப நேரடியானது. இன்காக்னிடோ விண்டோ திறங்க, டெவ் டூல்ஸ்ல நெட்வொர்க் டேப், அதுல "பிரிசர்வ் லாக்" டிக் பண்ணுங்க (இது இல்லன்னா பேஜ் மாறும்போதெல்லாம் லிஸ்ட் காலியாயிடும், எதையும் பாக்க முடியாது). இப்ப உள் பேஜோட லிங்க்கை நேரா அடிங்க. முதல்ல ஒரு 302 (வேற அட்ரஸுக்குப் போன்னு சர்வர் சொல்ற பதில்) வரும், அதோட லொகேஷன் ஹெடர்ல நெக்ஸ்ட், ரிட்டர்ன்யூஆர்எல், ரீடைரக்ட்_டு மாதிரி ஏதாவது ஒரு பேரமீட்டர்ல அட்ரஸ் இருக்கா பாருங்க. இல்லன்னா செட்-குக்கி வந்திருக்கா பாருங்க, லாராவெல், ஸ்பிரிங் மாதிரி ஃபிரேம்வொர்க் எல்லாம் அட்ரஸ செஷன்ல (ஒவ்வொரு யூசருக்கும் சர்வர் வச்சிருக்கிற குறிப்பு, அத அடையாளம் காட்டுறது குக்கி) வைக்கும், யூஆர்எல்ல தெரியாது. அப்புறம் லாகின் ஃபார்ம சப்மிட் பண்ணி, அந்த போஸ்ட் ரிக்வெஸ்ட்ல அட்ரஸ் கூடப் போகுதா, கடைசி 302 எங்க அனுப்புதுன்னு பாருங்க. இந்த மூணு வரிசையில எந்த இடத்துல 482 காணாம போகுதோ அங்கதான் பிரச்சனை.

இனி அறிகுறி வாரியா போகலாம்.

எப்ப லாகின் பண்ணாலும் ஹோம் பேஜ்தான்

லாகின் பேஜுக்கு வந்தப்பவே அட்ரஸ் யூஆர்எல்லயும் இல்ல, செஷன்லயும் இல்லன்னா, யாரோ கன்ட்ரோலர்ல கையால "லாகின் இல்லயா, லாகின் பேஜுக்குப் போ"ன்னு வெறும் ரீடைரக்ட் எழுதியிருப்பாங்க. ஃபிரேம்வொர்க்கோட சொந்த காவல் வழியா போனாத்தான் அது அட்ரஸ எழுதி வைக்கும். லாராவெல்ல ரீடைரக்ட்-இன்டெண்டட் போட்டும் வேலை செய்யலன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, இன்டெண்டட் வெறுமனே செஷன்ல இருக்கிறத எடுக்கத்தான் செய்யும், அத அங்க வைக்கிறது ரீடைரக்ட்-கெஸ்ட், அல்லது ஆத் மிடில்வேர் (பேஜுக்குப் போறதுக்கு முன்னாடி லாகின் இருக்கான்னு பாக்குற காவல்). வைக்காதத எடுக்க முடியாது.

அட்ரஸ் யூஆர்எல்ல இருக்கு, ஆனா ஃபார்ம் சப்மிட் ஆகும்போது போகலன்னா, ஃபார்மோட ஆக்ஷன (ஃபார்ம் எந்த அட்ரஸுக்குப் போகணும்னு சொல்றது) பாருங்க. பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோல இது ரொம்ப சகஜம். ஆக்ஷன காலியா விட்டா ஃபார்ம் அதே யூஆர்எல்லுக்கே போகும், நெக்ஸ்ட் கூடவே வரும். யாராவது ஆக்ஷன்ல லாகின் யூஆர்எல்ல தெளிவா எழுதிட்டா கேள்விக்குறிக்குப் பின்னாடி இருந்த எல்லாம் போச்சு. ஃபார்ம்குள்ள நெக்ஸ்ட்ங்கிற பேர்ல ஒரு ஹிடன் இன்புட் (ஸ்கிரீன்ல தெரியாத ஃபீல்டு) வச்சு அதுல அட்ரஸ போட்டுட்டா ரெண்டு வழியிலயும் வேலை செய்யும், எப்பவும் அப்படியே பண்ணுங்க. ஜாங்கோல லாகின் ஆனதும் அக்கவுண்ட்ஸ்/புரொஃபைல்னு ஒரு 404 வந்தா அதுவும் இதே கதைதான், நெக்ஸ்ட் கிடைக்காததால டீஃபால்ட்டுக்குப் போகுது, அந்த டீஃபால்ட் பேஜ நீங்க செய்யவே இல்ல. இதப் பாத்துட்டு லாகின் ரீடைரக்ட் யூஆர்எல் செட்டிங்க மாத்தினா 404 போயிடும், ஆனா மூல வியாதி அப்படியே இருக்கும்.

போஸ்ட்ல கூட அட்ரஸ் சரியா போகுது, இருந்தும் ஹோம்தான்னா மூணாவது கட்டம். ஸ்பிரிங் செக்யூரிட்டில டீஃபால்ட் சக்ஸஸ் யூஆர்எல்லுக்கு ரெண்டாவதா ட்ரூ குடுத்திருந்தா சேவ் ஆன அட்ரஸ கண்டுக்காம எப்பவும் அங்கயே அனுப்பும், அத எடுத்துடுங்க. நீங்களே ஒரு சக்ஸஸ் ஹாண்ட்லர் எழுதியிருந்தா, அது சேவ்டு ரிக்வெஸ்ட் தெரிஞ்ச ஹாண்ட்லர்ல இருந்து வரணும், மொட்டையா எழுதினா அதுக்கு பழைய அட்ரஸ் பத்தி ஒண்ணும் தெரியாது. ரெயில்ஸ்ல லாகினுக்கு யூஸ் பண்ற டிவைஸ் லைப்ரரிலயும் லாகினுக்கு அப்புறம் எங்க போறதுங்கிற மெத்தட ஓவர்ரைட் பண்ணிட்டு ஸ்டோர்டு லொகேஷன மறந்துடுவாங்க.

முதல் தடவை பாஸ்வேர்டு தப்பாயிட்டா மட்டும் ஹோமுக்குப் போகுது

சரியா போட்டா 482, ஒரு தடவை தப்பா போட்டுட்டு அப்புறம் சரியா போட்டா டாஷ்போர்டு. டெஸ்ட் பண்றவங்க எப்பவும் சரியான பாஸ்வேர்டே போடுறதால இது கண்ணுல படாம தப்பிச்சிக்கிட்டே இருக்கும். தப்பு மெசேஜோட லாகின் பேஜ மறுபடி காட்டும்போது ஹிடன் இன்புட்டுக்கு வேல்யூ குடுக்கல, அல்லது தப்பானா வெறும் லாகின் யூஆர்எல்லுக்கு ரீடைரக்ட் பண்றீங்க. தப்பான சமயத்துலயும் வந்த அட்ரஸ அப்படியே திரும்ப ஃபார்ம்ல வைக்கணும்.

இதே மாதிரி "புது அக்கவுண்ட்", "பாஸ்வேர்டு மறந்துட்டேன்" லிங்க் ரெண்டையும் பாருங்க. அந்த லிங்க்ல நெக்ஸ்ட ஒட்டலன்னா அங்க போய் வர்றவருக்கு அட்ரஸ் கிடையாது. புதுசா சேர்றவர்தான் நம்ம ஆப்போட மெனுவே தெரியாதவர், அவருக்குத்தான் இது அதிகமா தேவை.

பேஜ் சரி, ஆனா ஃபில்டர் பாதி காணோம்

யூசர் கேட்டது /ரிப்போர்ட்?மாசம்=3&வருஷம்=2024. லாகினுக்கு அப்புறம் மாசம் 3 இருக்கு, வருஷம் காணோம். லாகின் யூஆர்எல்ல நெக்ஸ்ட்=/ரிப்போர்ட்?மாசம்=3&வருஷம்=2024னு அப்படியே ஒட்டியிருப்பாங்க. சர்வர் பார்வையில & வந்ததும் நெக்ஸ்ட் முடிஞ்சிடுச்சு, வருஷம்ங்கிறது லாகின் பேஜுக்கே சொந்தமான வேற ஒரு பேரமீட்டர். ஒட்டுறதுக்கு முன்னாடி முழு அட்ரஸையும் என்கோட் பண்ணணும், & இருந்த இடத்துல %26 வரணும். ஜாவாஸ்கிரிப்ட்ல இதுக்கு என்கோட்யூஆர்ஐகாம்பொனன்ட், பேர்ல காம்பொனன்ட் இல்லாத இன்னொண்ணு & குறிய தொடாது, அத எடுத்துடாதீங்க.

அட்ரஸ் பார்ல %2526 மாதிரி தெரிஞ்சா நேரெதிர் பிரச்சனை, ரெண்டு தடவை என்கோட் ஆயிருக்கு. %25ங்கிறது % குறியோட என்கோடிங், அத பாத்ததுமே புரிஞ்சிக்கலாம். ஃபிரேம்வொர்க் தானா பண்றது ஒண்ணு, நீங்க கையால பண்ணினது ஒண்ணு, உங்களோடத எடுத்துடுங்க.

# குறிக்குப் பின்னாடி இருக்கிறது காணாம போனா அது தனி விஷயம், அந்தப் பகுதி சர்வருக்கு வர்றதே இல்ல, பிரவுசரே வச்சிக்கும். அதனால சர்வர் பக்கம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆனா ஒரு நல்ல விஷயம், 302ல வர்ற லொகேஷன்ல # இல்லன்னா பிரவுசர் பழைய யூஆர்எல்லோட # பகுதிய புது யூஆர்எல்லுக்கும் கொண்டு வந்துடும், லாகின் பேஜ் அட்ரஸ் பார்லயே அது ஒட்டிக்கிட்டு நிக்கும். லாகின் பேஜ்ல ரெண்டு வரி ஸ்கிரிப்ட் போட்டு லொகேஷன் ஹாஷ எடுத்து ஹிடன் நெக்ஸ்ட் வேல்யூவோட கடைசில சேத்துட்டா போதும்.

லாகின் ஆனதும் ஜேசான், ஐகான், இல்லன்னா 405

ஸ்கிரீன் முழுக்க வெறும் ஜேசான் (ப்ரோகிராம் படிக்கிற டேட்டா) வந்து நிக்கும், அல்லது ஃபேவ்ஐகான் ஃபைல் திறக்கும். பேஜுக்குப் பின்னாடியே நோட்டிஃபிகேஷன் எண்ணிக்கை கேக்குற ஒரு ஏபிஐ கால் (பேஜ் இல்லாம டேட்டா மட்டும் கேக்குற ரிக்வெஸ்ட்) போயிருக்கும், அதுவும் லாகின் இல்லாம தடுக்கப்பட்டு, செஷன்ல இருந்த நல்ல அட்ரஸ அது மேல எழுதிடுச்சு. எத சேவ் பண்றதுன்னு ஒரு வடிகட்டி வைங்க: கெட் ரிக்வெஸ்ட்டா இருக்கணும், யூசர் நேரா பேஜ திறந்ததா இருக்கணும். இப்ப இருக்கிற பிரவுசர் எல்லாம் செக்-ஃபெட்ச்-மோட் ஹெடர் அனுப்புது, அதுல நேவிகேட்னு இருந்தா யூசர் திறந்த பேஜ், மத்தத சேவ் பண்ணாதீங்க. ஐகான், படம், சிஎஸ்எஸ் எல்லாம் லாகின் தேவையில்லாத லிஸ்ட்ல போட்டுடுங்க.

ஏபிஐ கால்களுக்கு லாகின் பேஜுக்கு ரீடைரக்ட் பண்றதே தப்பு. பிரவுசர்ல ஏபிஐ கால் அனுப்புற ஃபெட்ச் அந்த 302வ சத்தமில்லாம பின்தொடர்ந்து போய் லாகின் பேஜோட எச்டிஎம்எல்ல 200ன்னு கொண்டு வந்து குடுக்கும், அத ஜேசானா படிக்கப் போய் "எதிர்பாராத < குறி"ன்னு எரர் வரும். இந்த எரரப் பாத்தா முக்கால்வாசி நேரம் செஷன் முடிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஏபிஐக்கு 401 (லாகின் தேவைங்கிற பதில்) குடுங்க, முன்பக்கம் அதப் பாத்து இப்ப நிக்கிற பேஜோட அட்ரஸோட லாகினுக்கு அனுப்பட்டும்.

405 (இந்த அட்ரஸுக்கு இந்த வகை ரிக்வெஸ்ட் கிடையாதுங்கிற பதில்) வந்தா, யூசர் ஒரு ஃபார்ம சப்மிட் பண்ணும்போது செஷன் முடிஞ்சிருக்கு. அந்த போஸ்ட் அட்ரஸ சேவ் பண்ணி லாகினுக்கு அப்புறம் கெட்டா திறக்குறீங்க, அந்த அட்ரஸுக்கு கெட் கிடையாது. போஸ்ட்டா இருந்தா அந்த ஃபார்ம் இருந்த பேஜுக்கு அனுப்புங்க. டைப் பண்ணினது போயிடுமேன்னா அது நியாயமான கவலைதான், பெரிய ஃபார்ம்னா பிரவுசர்லயே டிராஃப்ட் சேவ் பண்ணி வைக்கிறதுதான் சரியான வழி, லாகினுக்கு அப்புறம் போஸ்ட்ட தானா மறுபடி ஓட்டுறது ஆபத்து.

ஏற்கனவே லாகின்ல இருந்தும், ரிஃப்ரெஷ் பண்ணா ஹோமுக்குத் தள்ளுது

இது ரியாக்ட், வ்யூ மாதிரி சிங்கிள் பேஜ் ஆப்ல. லாகின் பண்ணி 482 பேஜ்ல இருக்கார், ரிஃப்ரெஷ் அடிக்கிறார், லாகின் பேஜ் கண்ண சிமிட்டுற நேரம் வந்துட்டுப் போகுது, டாஷ்போர்டு வருது. நடக்குறது என்னன்னா, ஆப் புதுசா ஏறும்போது "இவர் யாரு"ன்னு சர்வரக் கேட்டு பதில் வர கொஞ்ச நேரம் ஆகும், அதுவரைக்கும் யூசர்ங்கிற இடம் காலி (null). ரூட்ட காக்குற கார்டு அந்தக் காலியப் பாத்து லாகின் இல்லன்னு முடிவு பண்ணி வெளிய அனுப்புது. அடுத்த நொடி பதில் வருது, லாகின் பேஜ் "ஓ, ஏற்கனவே உள்ள இருக்காரே"ன்னு ஹோமுக்கு அனுப்புது.

ரெண்டு இடத்துல சரி பண்ணணும், ஒரு இடத்துல பண்ணிட்டு விட்டுடாதீங்க. யூசர் நிலைய ரெண்டா வைக்காம மூணா வைங்க: இன்னும் தெரியல, உள்ள இருக்கார், வெளிய இருக்கார். தெரியலங்கிற வரைக்கும் கார்டு எந்த முடிவும் எடுக்காம ஒரு லோடிங் மட்டும் காட்டணும். அடுத்தது, லாகின் பேஜ்ல ஏற்கனவே உள்ள இருக்கிறவர அனுப்புற கோடும் அதே நெக்ஸ்ட் அட்ரஸத்தான் பாக்கணும், நேரா ஹோம்னு எழுதி வைக்கக் கூடாது.

கூடவே ஒண்ணு, ரியாக்ட் ரூட்டர்ல லாகினுக்கு அனுப்பும்போது ஸ்டேட்ல ஃப்ரம்னு லொகேஷன குடுக்குறாங்க, நல்ல வழிதான், ஆனா அதுல பாத்நேம் மட்டும் எடுத்துத் திரும்பினா தேடல் பேரமீட்டரும் ஹாஷும் போயிடும். அனுப்பும்போதும் திரும்பும்போதும் ரீப்ளேஸ் போடுங்க, இல்லன்னா பேக் பட்டன் அடிச்சா மறுபடி லாகின் பேஜ்ல வந்து நிப்பார்.

சுத்திக்கிட்டே இருக்கு, கடைசில "டூ மெனி ரீடைரக்ட்ஸ்"

குரோம் 20 ரீடைரக்ட் வரைக்கும் பாத்துட்டு கைய விரிச்சிடும். லாகின் பேஜையே லாகின் தேவைப்படுற லிஸ்ட்ல வச்சிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க, யூஆர்எல்ல நெக்ஸ்ட்குள்ள நெக்ஸ்ட், அதுக்குள்ள நெக்ஸ்ட்னு வளந்துக்கிட்டே போனா இதுதான். லாகின், லாகவுட் அட்ரஸ எப்பவும் சேவ் பண்ணாதீங்க, லாகவுட் அட்ரஸ் சேவ் ஆயிட்டா உள்ள வந்ததும் வெளிய போயிடுவார். வேற காரணம், லாகின் ஆனது சர்வருக்குத் தெரியும் ஆனா குக்கி திரும்பி வரல: செக்யூர் குக்கிய எச்டிடிபில செட் பண்ணப் பாக்குறது, www இல்லாத அட்ரஸ்ல லாகின் ஆகி www இருக்கிற அட்ரஸுக்குத் திரும்புறது. இன்னொரு வகை, லாகின் சரி ஆனா அந்த பேஜ பாக்க அனுமதி இல்ல, அதுக்கும் நீங்க லாகினுக்கே அனுப்புறீங்க. அனுமதி இல்லன்னா 403 காட்டி நிறுத்துங்க.

லோக்கல்ல ஓடுது, சர்வர்ல ஏத்தினா ஓடல

புராக்ஸிக்கு (யூசரோட ரிக்வெஸ்ட்ட முதல்ல வாங்கி ஆப்புக்கு அனுப்புற சர்வர்) பின்னாடி ஆப் இருந்தா, அதுக்கு வர்றது எச்டிடிபி, போர்ட் 8080. முழு அட்ரஸையும் சேவ் பண்ணினா அந்த உள் அட்ரஸே சேவ் ஆகும், லாகினுக்கு அப்புறம் யூசரால திறக்க முடியாத ஒரு போர்ட்டுக்குப் போவார். எக்ஸ்-ஃபார்வேர்டட்-ப்ரோட்டோ ஹெடர ஆப் நம்புற மாதிரி செட் பண்ணுங்க, அதோட டொமைன் இல்லாம / குறில ஆரம்பிக்கிற பாத்தும் பேரமீட்டரும் மட்டும் சேவ் பண்ணுங்க.

சில தடவை ஓடுது சில தடவை ஓடலன்னா, ரெண்டு சர்வர் இருந்து செஷன் மெமரில இருக்கும், எழுதினது ஒரு சர்வர், தேடுறது இன்னொண்ணு. செஷன ரெண்டு சர்வரும் பாக்குற ரெடிஸ் அல்லது டேட்டாபேஸுக்கு மாத்துங்க. நோடோட எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்ல, அட்ரஸ செஷன்ல எழுதின உடனே ரீடைரக்ட் பண்ணினா ஸ்டோர்ல சேவ் முடியிறதுக்குள்ள அடுத்த ரிக்வெஸ்ட் வந்துடலாம், செஷன் சேவ கூப்பிட்டு அது முடிஞ்சப்புறம் ரீடைரக்ட் பண்ணுங்க.

லைப்ரரி அப்டேட் பண்ணினதுல இருந்து ஓடலன்னு சொல்றவங்க பாஸ்போர்ட்ங்கிற லாகின் லைப்ரரிய யூஸ் பண்றீங்களான்னு பாருங்க. 0.6 வெர்ஷன்ல இருந்து லாகின் ஆனதும் அது செஷன புதுசா உருவாக்குது, பழைய செஷன்ல நீங்க வச்சிருந்த returnTo அட்ரஸ் போயிடும். இது பாதுகாப்புக்காக பண்ணினது, சரியானதும் கூட. லாகின் பண்றதுக்கு முன்னாடியே அட்ரஸ வேற வேரியபிள்ல எடுத்து வச்சிக்கங்க, அல்லது கீப்செஷன்இன்ஃபோ ஆப்ஷன ட்ரூ பண்ணுங்க. நான் முதல் வழியத்தான் சொல்லுவேன், ரெண்டாவது வழியில தேவையில்லாத பழைய விஷயமும் சேந்து வந்துடும்.

வெளி லாகின்ல மட்டும் தொலையுது

பாஸ்வேர்டு லாகின்ல சரி, கூகுள் வழியாவோ ஆபீஸோட எஸ்எஸ்ஓ (ஒரே லாகின்ல எல்லா ஆப்புக்கும் போறது) வழியாவோ வந்தா மட்டும் ஹோம். திரும்பி வர்ற அட்ரஸான ரீடைரக்ட் யூஆர்ஐல 482வ ஒட்டப் பாக்காதீங்க, அது ரிஜிஸ்டர் பண்ணினதோட அப்படியே பொருந்தணும், இல்லன்னா மிஸ்மேட்ச் எரர் வரும். ஸ்டேட் பேரமீட்டர்ல யூகிக்க முடியாத ஒரு ரேண்டம் சாவி வச்சு, அந்த சாவிக்கு எதிரா அட்ரஸ செஷன்ல வைங்க, திரும்பி வந்ததும் ஸ்டேட்ட சரி பாத்துட்டு அட்ரஸ எடுங்க. எஸ்எஸ்ஓல பயன்படுற சாம்ல் (SAML) முறை லாகின்ல இதே வேலைய ரிலேஸ்டேட் பண்ணுது, அதுக்கு ஸ்பெக்ல 80 பைட்தான் இடம், முழு யூஆர்எல்ல அங்க திணிச்சா சில இடத்துல வெட்டுப்படும், அங்கயும் சாவி மட்டும்.

இதுல ஆளக் குழப்புறது ஒண்ணு இருக்கு. வேகமா லாகின் பண்ணா 482க்குப் போகுது, மெதுவா பண்ணா ஹோம். சாம்ல்ல பதில் போஸ்ட்டா இன்னொரு சைட்ல இருந்து வருது, சேம்சைட் (வேற சைட்ல இருந்து வர்ற ரிக்வெஸ்ட்ல குக்கி போகலாமான்னு சொல்ற செட்டிங்) லாக்ஸ்னு இருக்கிற குக்கி அப்படி வர்ற போஸ்ட்ல கூட வராது. சேம்சைட் எதுவும் எழுதாத குக்கிய லாக்ஸா எடுத்துக்கிற வழக்கத்த குரோம் 2020ல 80வது வெர்ஷனோட கொண்டு வந்தப்போ, குக்கி செட் ஆன முதல் 2 நிமிஷத்துக்கு மட்டும் போஸ்ட்டுக்கு ஒரு விலக்கு குடுத்தாங்க. ஓடிபி தேடி 2 நிமிஷம் தாண்டினவருக்கு செஷன் குக்கி வராது, சேவ் ஆன அட்ரஸும் கிடைக்காது. அட்ரஸ் வச்சிருக்கிற குக்கிய தனியா, சேம்சைட் நன் (None), செக்யூர் போட்டு, குறைஞ்ச ஆயுளோட வைங்க. மெயின் செஷன் குக்கிய அப்படி தளர்த்த வேண்டாம்.

ரெண்டு டேப் திறந்தா தப்பான பேஜ்

செஷன்ல ஒரே ஒரு அட்ரஸுக்குத்தான் இடம், ரெண்டாவது டேப் முதல் டேப்போடத அழிச்சிடும். யூஆர்எல்ல நெக்ஸ்ட் பேரமீட்டரா கொண்டு போனா ஒவ்வொரு டேப்பும் தன்னோடத தானே வச்சிருக்கும். இதனாலேயே சாதாரண லாகினுக்கு பேரமீட்டர் வழிதான் நல்லதுன்னு நினைக்கிறேன். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு, அடுத்து அதுதான்.

லாகினுக்கு அப்புறம் வேற சைட்டுக்கே போகுது

இது வந்தா மத்தத விட்டுட்டு முதல்ல இத சரி பண்ணுங்க. நெக்ஸ்ட்ல இருக்கிறத யார் வேணா மாத்தி எழுதலாம். நம்ம டொமைன்ல ஆரம்பிக்கிற லிங்க்கை நம்பி யூசர் பாஸ்வேர்டு போடுறார், லாகின் ஆனதும் நம்ம லாகின் பேஜ் மாதிரியே இருக்கிற இன்னொரு சைட்டுக்குப் போய் "பாஸ்வேர்டு தப்பு, மறுபடி போடுங்க"ன்னு பாத்தா அவர் சந்தேகமே படாம போட்டுடுவார். இதுக்குப் பேர் ஓபன் ரீடைரக்ட், பலவீனங்களோட சிடபிள்யூஇ பட்டியல்ல 601.

/ குறில ஆரம்பிச்சா நம்ம சைட்டுதான்னு செக் எழுதுறது பத்தாது. ரெண்டு // வந்தா அது வேற டொமைன். / குறிக்கு அப்புறம் \ வந்தாலும் பிரவுசர் அத / ஆவே எடுத்துக்கும். நம்ம டொமைன் பேர் உள்ள இருக்கான்னு தேடுற செக்கும் ஆகாது, எவரோட சைட்லயும் அந்தப் பேர பாத்ல எழுதிடலாம். ஃபிரேம்வொர்க் குடுக்குறத யூஸ் பண்ணுங்க: ஜாங்கோல யூஆர்எல்_ஹேஸ்_அலவ்ட்_ஹோஸ்ட்_அண்ட்_ஸ்கீம், ஏஎஸ்பி டாட் நெட்ல லோக்கல்ரீடைரக்ட், வேர்ட்பிரஸ்ல டபிள்யூபி_சேஃப்_ரீடைரக்ட். ஜாவாஸ்கிரிப்ட்ல நீங்களே எழுதணும்னா யூஆர்எல் ஆப்ஜெக்ட்ல நம்ம ஆரிஜின (எச்டிடிபிஎஸ், டொமைன், போர்ட் சேந்த அடையாளம்) அடிப்படையா குடுத்து பார்ஸ் பண்ணி, வந்த ஆரிஜின் நம்மளோடதுதானான்னு பாருங்க. செக் பாஸானதும் அதோட பாத்நேம மட்டும் பிச்சு எடுத்து ரீடைரக்ட் பண்ணாதீங்க, முழு ஹெச்ரெஃப்ப குடுங்க. /.// னு ஆரம்பிக்கிற அட்ரஸ் பார்ஸ் ஆகும்போது ஆரிஜின் நம்மளோடதுன்னுதான் வரும், ஆனா பாத்நேம் // ஆரம்பத்தோட வெளிய வரும், பிச்சு அனுப்பினா வெளி சைட்டுக்கே போயிடும். செக்ல தேறாத அட்ரஸ்னா எரர் எதுவும் காட்ட வேண்டாம், ஹோமுக்கு அனுப்பிடுங்க.

எல்லாம் சரி பண்ணியாச்சு, ஒரு சிலருக்கு மட்டும் பழையபடியே

இன்காக்னிடோல சரியா இருக்கு, அவங்க பிரவுசர்ல மட்டும் இல்ல. நெட்வொர்க் டேப்ல அந்த முதல் ரிக்வெஸ்ட் 301, "டிஸ்க் கேஷ்ல இருந்து"ன்னு இருக்கா பாருங்க. முன்னாடி யாரோ லாகினுக்கு அனுப்ப 302க்கு பதிலா 301 போட்டிருக்காங்க. 301னா நிரந்தரம், பிரவுசர் அத நினைவுல வச்சிக்கிட்டு சர்வரக் கேக்காமலேயே லாகினுக்குப் போயிடும், உங்க புது கோடு ஓடவே ஓடாது. இப்ப 302க்கு மாத்தி கேஷ்-கன்ட்ரோல் நோ-ஸ்டோர் சேத்துடுங்க. ஏற்கனவே மாட்டினவங்களுக்கு சர்வர் பக்கம் இருந்து ஒரு வழி இருக்கு, அவங்க கடைசில வந்து சேர்ற லாகின் பேஜோட ரெஸ்பான்ஸ்ல கிளியர்-சைட்-டேட்டா ஹெடர்ல கேஷ்னு குடுங்க, எச்டிடிபிஎஸ்ல அத ஏத்துக்கிற பிரவுசர் பழசத் தூக்கிடும். ஏத்துக்காத பிரவுசர்ல இருக்கிறவங்க கேஷ கையால கிளியர் பண்ணணும், அதுக்கான படிகள சப்போர்ட் டீம்கிட்ட முன்கூட்டியே குடுத்து வைங்க.